பொன்னாண்டி குழுவினர் எடை பார்த்த கதை

சுரைக்காய்க்குளம் கபடிக் குழுவுக்கு உடம்பில் குறை கிடையாது. குறை இருந்ததெல்லாம் கழுத்துக்கு மேலேதான். அந்த வருஷம் போட்டியில் புது விதி: எழுபது கிலோவைத் தாண்டியவன் ஆடக் கூடாது, சாயங்காலம் நாலு மணிக்குள் எடையைப் பதிய வேண்டும். முதல் பரிசு ஆட்டுக்கிடா. ஊரில் மசாலாவே அரைத்து வைத்துவிட்டார்கள்.

குழுவில் நாலு பேர் நோஞ்சான்கள், அவர்களை எடை கேட்க ஆளில்லை. சந்தேகமெல்லாம் கேப்டன் பொன்னாண்டி, சடையன், வெயிலுமுத்து மூவர் மேல்தான். ஊரில் இருந்த ஒரே தராசு அரிசி ஆலையில் இருந்தது. அது பழசு, நூறு கிலோவுக்குக் கீழே முள்ளே அசையாது.

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் எஸ்தர் டீச்சரிடம் ஓடினார்கள்.

"ரெண்டு ரெண்டு பேரா ஏறுங்க," என்றார் டீச்சர். "மூணு தடவை ஏறணும், மூணும் வேற வேற மாதிரி இருக்கணும். தடவைக்கு ஒரு வரி எழுதுங்க. ஏறினவனுக்கு ஒண்ணு, ஏறாதவனுக்குப் பூச்சியம். மூணு வரியும் சேர்ந்தா அது அணி. அதுலருந்து அணிக்கோவைன்னு ஒரு எண்ணைக் கணக்குப் போட்டு எடுப்பேன். அது மட்டும் பூச்சியமா வந்துச்சு, உங்க எடையைக் கடவுளாலயும் சொல்ல முடியாது."

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

ஆலையில் பொன்னாண்டியும் சடையனும் முதலில் வலது காலை வைத்து ஏறினார்கள். அடுத்து இடது காலை வைத்து. மூன்றாவது, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு. மூன்று தடவையும் 134.

டீச்சர் தாளைப் பார்த்தார். 1 1 0, 1 1 0, 1 1 0.

"கோவை பூச்சியம். அணியோட தரம் ஒண்ணு. மூணு வரி எழுதியும் ஒரே ஒரு சேதிதான்யா இருக்கு! ஆளை மாத்தி ஏறுங்க!"

மாற்றினார்கள். சடையனும் வெயிலுமுத்துவும் ஏற, 135 வந்தது. அதற்குள் ஆலைக்காரர் சாப்பிடப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பொன்னாண்டி அசரவில்லை. இருந்த இரண்டு வரியையும் கூட்டி மூன்றாவதாக எழுதிக்கொண்டான்: 1 2 1, எடை 269. கூட்டலை இரண்டு தடவை சரியும் பார்த்தான்.

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மறுபடியும் பூச்சியம். இப்போ தரம் ரெண்டு. மத்த ரெண்டுலயே அடங்கிப்போற வெட்டி வரி இதுல இருக்கு. அதைத் தூக்கி எறிஞ்சிட்டு வேற கொண்டுவாங்க."

வேப்பமரத்தடியில் ஆலோசனை நடந்தது.

"மூணாவதுதான் வெட்டி. முதலையும் ரெண்டையும் கூட்டினா வந்துருது," என்றான் சடையன்.

"அப்படிப் பாத்தா மூணுலருந்து முதலைக் கழிச்சா ரெண்டாவது வந்துருது. அதுவும் வெட்டிதானே?" என்றான் வெயிலுமுத்து.

பொன்னாண்டி வெகுநேரம் யோசித்தான். "மூணுலருந்து ரெண்டைக் கழிச்சா முதல் வரியும் வருதேடா!"

ஆக மூன்றுமே வெட்டி. தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார்கள். ஒவ்வொருவன் சொன்னதும் சரிதான், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வெறுங்கையோடு வந்தவர்களைப் பார்த்ததும் டீச்சர், "நேரா மைதானத்துக்கே போங்க, அங்க நல்ல தராசு இருக்கு," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மைதானத்தில் மணி மூன்றே முக்கால். பதிவு செய்கிறவர் மூட்டை நிறுக்கும் மின்தராசைக் காட்டி, "ஒவ்வொருத்தரா ஏறுங்க," என்றார்.

"பொறுங்க சார்," என்று சடையன் மணலில் எழுதிப் பார்த்தான். 1 0 0, 0 1 0, 0 0 1.

மூவருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"ஆறு பூச்சியம்டா! ஒத்தப் பூச்சியத்துக்கே டீச்சர் அந்தக் கத்து கத்தினாங்க!"

"ஒரு பூச்சியம்கூட இருக்கக் கூடாது," என்று தீர்ப்புச் சொன்னான் பொன்னாண்டி. "எல்லா இடத்துலயும் ஒண்ணு போடு."

போட்டார்கள். போட்டபடியே ஏறினார்கள். முதலில் பொன்னாண்டி, தோளில் சடையன், இடுப்பில் வெயிலுமுத்து. 201. அடுத்து சடையன், மற்ற இருவரையும் தூக்கிக்கொண்டு. 201. கடைசியில் வெயிலுமுத்து, நாக்குத் தள்ள. அதுவும் 201.

"இதையா எழுதச் சொல்றீங்க?" என்றார் அவர்.

"எழுதுங்க சார், கணக்கு டீச்சர் சொன்ன முறை."

எழுதினார். எழுதிய கையோடு மூன்று பேர் பெயரையும் பட்டியலில் அடித்துவிட்டார். கிடா கைவிட்டுப் போன துக்கத்தில் வெயிலுமுத்து விம்மி விம்மி அழுதான்.

பொன்னாண்டி தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். "இருநூத்தி ஒண்ணா! அதான் தீபாவளிச் சட்டை பத்தலை."

சடையன் விரல் விட்டு எண்ணி முடித்தான். "அழாதடா. அடுத்த வருஷத்துக்குள்ள ஆளுக்கு நூத்தி முப்பத்தொரு கிலோ கொறச்சாப் போதும். இன்னையிலருந்து ராத்திரிக்கு வெறும் மோர்தான்."