கரடியாரின் தேன் கிடங்கும் திருஷ்டிப் பூசணியும்

குளக்கரைப் பாறைமேல் கரடியார் தேன் கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார். கட்டினார் என்றால், அவர் பாட்டுக்கு நிழலில் படுத்திருந்தார். வேலை வாங்கியவன் நரி மேஸ்திரி. கழுதை பொதியன் மண் சுமந்து வந்து கொட்டுவான். அந்த மண்ணை மூங்கில் சாரத்தில் ஏறி உச்சிக்குக் கொண்டுபோவது தாவி என்ற அணில்.

தாவிக்குப் புன்னைமரப் பொந்தில் கண் திறக்காத குட்டிகள் இருந்தன. அவள் வயிறு நிறைந்தால்தான் அவற்றுக்குப் பால். அதனால் சாரம் காலடியில் முறுமுறுத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவாள்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டே விட்டாள். "மேஸ்திரி, மூங்கிலைக் கட்டின கொடியெல்லாம் காய்ஞ்சு கெடக்கு. பச்சைக் கொடி வெட்டி மாத்திக் கட்டலாமே?"

"கொடி வெட்டப் போனா வேலை நின்னுபோகும். பயந்தவளுக்கு வீட்டுல என்ன, இடமா இல்ல?" என்றான் நரி.

மறுநாளே கொடி அறுந்தது. தாவி தலைகுப்புற வந்து பொதியன் கொட்டிய மண்ணில் விழுந்தாள். உயிர் தப்பியது, பின்னங்கால் ஒடிந்தது. பொதியன் பதறி ஓடிவந்து, ஈர்க்குச்சி வைத்து, வாயாலேயே நார் இழுத்துக் கட்டுப் போட்டான்.

நரியும் ஓடிவந்தான். மருந்தோடு அல்ல, ஒரு பெரிய பூசணிக்காயோடு! அதில் கரியால் கோரைப்பல்லும் முட்டைக்கண்ணும் வரைந்தான்.

"கண் பட்டுடுச்சு! கட்டடம் இவ்வளவு அழகா எழும்பினா ஊர்க் கண்ணு சும்மா விடுமா?"

"என் காலு ஆறுற வரைக்கும் நான் எப்படிச் சாப்பிடுவேன், மேஸ்திரி?"

"கண் பட்டதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்? உன் இடத்துக்கு ஓணானை வரச் சொல்லியாச்சு."

"கண் பட்டா யாரைக் குத்தம் சொல்றது தாயி?" என்று பொதியனும் பெருமூச்சு விட்டான். தாவியும் அதை நம்பத்தான் இருந்தாள். ஆனால் நரி பூசணியை எங்கே கட்டுகிறான் என்று பார்த்தாள். உச்சியில் கட்ட வேண்டியதை, எட்டி நின்று, சாரத்தின் அடியிலேயே கட்டிவிட்டு நகர்ந்தான். ஓகோ, இவனுக்கே ஏறப் பயமா என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கரடியார் வேலையைப் பார்க்க வந்தார்.

"யாரது, கால்ல கட்டோட?"

"கண் பட்டுப் போச்சுங்க. பூசணி கட்டிட்டேன், இனி கவலையே இல்லைங்க" என்று நரி குழைந்தான்.

"ஆமாங்க முதலாளி" என்றாள் தாவி. "இனி என்ன பயம்? உச்சியிலேர்ந்து பார்த்தாத்தான் உங்க கிடங்கோட அழகே தெரியும். மேஸ்திரி ஏறிக் காட்டட்டுமே."

"நானா? எனக்கு மூட்டுவலிங்க."

"காலையில முயலைத் துரத்தினப்ப அந்த மூட்டு எங்க போச்சு?" என்றான் பொதியன்.

"இன்னிக்கு அஷ்டமி வேற..."

"சரி விடப்பா, நானே ஏறுறேன்" என்று கரடியார் மூங்கிலில் காலை வைத்தார். சாரம் கிறீச்சிட்டது. நரி பாய்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

"ஐயையோ, ஏறாதீங்க! கொடி இத்துப்போயிருக்கு!"

கரடியார் மூங்கிலிலிருந்து காலை எடுத்தார்.

"அந்த வார்த்தையை எனக்கும் சொல்லியிருக்கலாமே, மேஸ்திரி" என்றாள் தாவி மெதுவாக. "என் காலும் கால்தானே?"

நரி தரையைப் பார்த்தான். கரடியாருக்கும் முகம் சிறுத்துப்போனது. கிடங்கு யாருடையது? அவருடையது. இத்தனை நாளில் ஒருமுறையாவது அந்தக் கொடியைத் தொட்டுப் பார்த்தாரா?

"என் வேலையில அடிபட்டவ நீ" என்றார். "ஆறுற வரைக்கும் வைத்தியமும் சாப்பாடும் என் பொறுப்பு. கால் சரியானதும் வேலையும் உனக்குத்தான்."

"மகராசன்! ஒரு கும்பிடு போடு தாயி" என்றான் பொதியன்.

"எதுக்கு அண்ணே? கொடுக்க வேண்டியதைத்தானே கொடுக்கறார்."

கரடியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரியாத்தான் சொல்றா!"

பச்சைக் கொடியால் சாரம் புதிதாக எழும்பும்வரை வேலை நின்றது. விழுந்தாலும் தாங்கிப் பிடிக்க அடியில் வலையும் பின்னினார்கள். தினமும் பொந்துக்குப் பழமும் வாதுமைக் கொட்டையும் சுமந்து வரும் வேலை நரிக்கு. பொதியன் கூடவே காவலுக்கு வருவான்.

தாவியின் கட்டு அவிழ்வதற்குள் குட்டிகள் கண் திறந்துவிட்டன. நரி வந்தால் போதும், முதுகில் ஏறி வால் வழியாகச் சறுக்கி இறங்கும்.

"மேஸ்திரி மாமா, இன்னொரு தடவை!"

"வாலு முடியெல்லாம் போச்சு" என்று முனகிக்கொண்டே நரி திரும்பவும் குனிவான். பொந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, தாவி கொட்டையைக் கொறித்தபடி சிரிப்பாள்.

வேலையில் அடிபட்டவரைக் கண்ணேறு, தலைவிதி என்று சொல்லிக் கைகழுவக் கூடாது. வேலை வாங்குகிறவர்தான் அதற்குப் பொறுப்பு, அடிபட்டவருக்குக் கிடைப்பது தருமம் அல்ல, உரிமை.