ஐந்து வரிக் கையேடு

ஒரு பரிசுக்கு மூன்று பேர் போட்டி போடும் கதைகளைக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு பழிக்கு மூன்று பேர் இருந்தும் மூவரும் தலையைக் குனிந்துகொண்ட கதை. முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன், ஆகவே சின்ன விஷயத்தையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். ஊரார் இணையதளங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சோதித்துச் சொல்வது அதன் பிழைப்பு. முன்பு ஆட்கள் சோதித்தார்கள். இப்போது பெரும்பாலும் ஒரு ஏஐ ஏஜெண்ட் சோதிக்கிறது. அது பக்கத்தைத் திறக்கும், பொத்தானை அழுத்தும், பிரௌசரின் கன்சோலைப் படிக்கும். பக்கத்தில் ஏதாவது கோளாறு என்றால் பிரௌசர் அதைச் சிவப்பு எழுத்தில் எழுதிவைக்கும் இடம்தான் கன்சோல். சாதாரணமாக நம் கண்ணில் அது படாது. இந்தக் கருவிகளை ஏஜெண்டுக்குச் செய்துகொடுத்தவன் இசக்கிராஜ். அவற்றுக்குக் கையேடு எழுதுபவள் சண்முகவடிவு. ஆட்களுக்கு ஒரு கையேடு, ஏஜெண்டுக்கு ஒரு கையேடு, இரண்டும் அவள் கைவேலைதான். இருவருக்கும் மேலே ரோஸ்லின்.

ஒருமுறை ஏஜெண்ட், திறந்த பக்கங்களை மூடாமல் மேலும் மேலும் திறந்துகொண்டே போனதில் கணினியே திணறி நின்றுவிட்டது. இசக்கி தலையில் அடித்துக்கொண்டான். வடிவு சிரித்தாள். “மூடணும்னு நான் எழுதலயே அண்ணே. எழுதாதது அதுக்குத் தெரியாதுல்லா” என்றாள். அன்றே ஒரு வரி சேர்த்தாள், கோளாறு தீர்ந்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு ஒரு மருத்துவமனையின் தளம் வந்தது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் தங்கள் முறையைப் பதிவுசெய்யும் தளம் அது. ஏஜெண்டுக்காக வடிவு எழுதிய கையேட்டைப் பார்த்த ரோஸ்லின், “நீளமா இருக்கு வடிவு. ஒவ்வொரு தடவையும் ஏஜெண்ட் முழுசையும் படிக்குது, வேலை மெதுவாகுது. அஞ்சு வரிக்குள்ள கொண்டுவா. எதை எடுக்கலாம்னு உனக்குத்தான் தெரியும்” என்றாள். திரும்பும்போது, “அறிக்கையைப் பணிவா எழுதச் சொல்லியிருக்கியே, அது நல்லாருக்கு” என்று பாராட்டவும் செய்தாள்.

வடிவு ஒவ்வொரு வரியாக அடித்து நீக்கி ஆறு வரிக்குக் கொண்டுவந்தாள். இன்னும் ஒன்று போக வேண்டும். நான்கில் கைவைக்க முடியாது. மிஞ்சியவற்றில் ஒன்று பணிவு வரி. இன்னொன்று இது: ‘பக்கம் மாறினால் கன்சோலில் உள்ள பழைய செய்திகள் அழிந்துவிடும். அழியாமல் வைக்கும் வசதியை முதலில் இயக்கிக்கொள்.’

அவள் இசக்கியின் பக்கம் திரும்பி, “கன்சோல் அழியுறதை எழுதணுமாண்ணே?” என்று கேட்டாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பிரௌசரை நோண்டுத எவனுக்கும் அது தெரியுமே” என்றான். எந்தக் கையேட்டுக்கு என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மேலதிகாரி பாராட்டிய வரியை அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. மற்றதை அடித்துவிட்டாள்.

ஏஜெண்ட் பதிவுப் பொத்தானை அழுத்தியது. பக்கம் மாறி ‘நன்றி’ என்று வந்தது. அதன்பின் கன்சோலைப் பார்த்தது, அது காலி. ‘பிழை ஏதும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று அறிக்கை கொடுத்தது. தளம் திறக்கப்பட்டது.

அங்கே டயாலிசிஸ் செய்துகொள்ளும் பூக்கடை செல்லையா தன் மகள் அன்னபாக்கியத்தின் போனில் பதிவு செய்தார். நன்றி என்று வந்தது. மருத்துவமனையில் போய் நின்றால் அவர் பெயர் இல்லை, எல்லாப் படுக்கையும் நிறைந்திருந்தது. மறுநாள் வரச் சொன்னார்கள். விடிவதற்குள் மூச்சு முட்டிச் செத்துப்போனார்.

சேதி வந்ததும் இசக்கி தன் கையாலேயே சோதித்துப் பார்த்தான். பொத்தானை அழுத்தியதும் கன்சோலில் ஒரு சிவப்பு வரி தோன்றியது: பதிவு சேமிக்கப்படவில்லை. பக்கம் மாறியதும் அந்த வரி மறைந்தது.

அன்னபாக்கியம் விசாரித்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை. “நன்றின்னு வந்துச்சே. எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னது யாரு? அவங்க மொகத்தைப் பாத்துட்டுப் போயிருதேன்” என்றாள்.

சுருக்கச் சொன்னேனே தவிர எதை அடித்தாள் என்று எனக்குத் தெரியாதே என்று ரோஸ்லின் நினைத்தாள். கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னேன் என்று இசக்கி நினைத்தான். வடிவும் கணக்குப் பார்த்தாள். ஐந்து வரி கேட்டார்கள், ஐந்து வரி கொடுத்தாள், அந்த ஐந்தில் ஒரு பொய் கிடையாது. மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இந்த மூவரில் எழுந்து நிற்க வேண்டியவர் யார்?

வடிவுதான். செய்தி அழியும் என்பது ரோஸ்லினுக்குத் தெரியாது. இசக்கிக்குத் தெரியும், ஆனால் யாருக்கான கையேடு என்று தெரியாது. மற்ற இருவரிடமும் அலட்சியம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செய்தி அழியும் என்பதும், படிக்கப்போவது எழுதாததை அறியாத ஏஜெண்ட் என்பதும் சேர்த்துத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. தெரிந்தும், ஒரு பாராட்டுக்காக அதை அடித்தாள். வடிவு எழுந்தாள். ஏஜெண்டையும் கன்சோலையும் பற்றி ஒன்றும் சொல்லாமல், “நான்தான்க்கா. ஒரு வரி எழுதிட்டு அடிச்சிட்டேன். அது இருந்திருந்தா முன்னமே தெரிஞ்சிருக்கும்” என்றாள். அன்னபாக்கியம் அவள் முகத்தைப் பார்த்தாள். “ஒரு வரிதானா?” என்று கேட்டாள். பிறகு வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.