இடக்கையால் எழுதிய தாள்கள்

இதில் வரும் பெரியவர்கள் மூவரும் படித்தவர்கள். மூவரும் நல்லவர்கள் என்றே ஊரில் பெயர். அத்தகைய மூவரிடையே நான்கு வயதுக் குழந்தை ஒன்று அகப்பட்டுக்கொண்டால் அதன் கதி என்ன என்பதே கதை. முடியும்வரை தீர்ப்பை வாய்க்குள் அடக்கிவைத்துக் கேளுங்கள்.

கரூரில் மரகதம் என்பவர் தம் வீட்டுக் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தினார். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் ஒன்பது பேர் அங்கே வளர்ந்தனர். மரகதம் குழந்தைக் கல்வியில் பட்டயம் பெற்றவர். அவர் வீட்டில் சிலேட்டு கிடையாது, பென்சில் கிடையாது. மணல் தொட்டி, தண்ணீர் அண்டா, கொட்டாங்கச்சி, புனல், துணி கிளிப்புகள்; இவ்வளவே. குடம் நிரம்ப எத்தனை கொட்டாங்கச்சி என்று பிள்ளைகள் சண்டையிட்டே எண்ணக் கற்றனர். கிளிப்புகளை அழுத்தி அழுத்தி அவர்கள் விரல்கள் உரம்பெற்றன. அந்த உரம் வந்த பிறகே பென்சில் என்பது மரகதத்தின் கொள்கை.

சரியான கொள்கைதான். ஆனால் அதை எந்தத் தாயிடமும் அவர் விளக்கியதில்லை. "இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க, டீச்சர்?" என்று மாலையில் யாரேனும் கேட்டால், "விளையாடினாங்க" என்று ஒற்றைச் சொல்லை உதிர்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார். தெரிந்தவள் தெரியாதவர்களுக்கு ஏன் விளக்கம் கூற வேண்டும் என்பது அவர் நினைப்பு.

விளைவு, ஒரே மாதத்தில் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். மரகதத்தின் தம்பி மனைவி பாக்கியம் அவருக்குத் துணையாக இருந்தாள். பிள்ளைகளுக்குச் சமைப்பதும், மாலையில் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்புவதும் அவள் பொறுப்பு. பெற்றோரிடம் நாலு வார்த்தை பேசுமாறு மரகதத்திடம் கெஞ்சிப் பார்த்தாள். பயனில்லை. பிறகு கடையில் ஒர்க் ஷீட் வாங்கிவந்து, பிள்ளை எழுத்துப்போல் கோணலாக வரத் தன் இடக்கையால் தானே எண்களை எழுதி, ஒவ்வொரு தாளிலும் ஒரு பிள்ளையின் பெயரிட்டு, படமெடுத்து அனுப்பத் தொடங்கினாள். ஒருநாள் 3-ஐத் திருப்பிப் போடுவாள். நான்கு நாள் கழித்து நேராக்குவாள். முன்னேற்றம் தெரிய வேண்டுமல்லவா! பெற்றோர் கைதட்டும் எமோஜிகளாக அனுப்பிக் குவித்தனர். அதன்பின் ஒரு பிள்ளையும் நிற்கவில்லை. மரகதமோ படம் அனுப்பக் காப்பகத்தில் வைத்திருந்த அந்த போனைத் தொட்டுப் பார்ப்பவரல்லர்.

இனி சுபாஷிணி. ஏற்றுமதி நிறுவனமொன்றில் அலுவலர். நிவிதா என்னும் நான்கு வயதுப் பெண்ணின் தாய். படங்களைப் பார்த்துப் பூரித்தவள், வீட்டில் ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னாள். குழந்தை வட்டம் ஒன்று வரைந்து, தோசை என்றது. அங்கே எழுதுபவள் இங்கே மறுப்பானேன்? பிடிவாதம் என்று தாய் முடிவுகட்டினாள். சொப்புச் சாமான்கள் பரணுக்கு ஏறின. ஒன்று முதல் பத்துவரை எழுதினால்தான் அவை இறங்கும். அன்று முதல் மாலைதோறும் ஒரு மணி நேரம், விரித்த நோட்டின்முன் நிவிதா உட்கார்ந்திருந்தாள். பெற்ற பிள்ளையைத் திருத்துவது வீட்டு விவகாரம் என்பதால் சுபாஷிணி இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை நிவிதா மணல் தொட்டியருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மரகதம் குனிந்து காரணம் கேட்டார். பாக்கியம் அப்போது அடுக்களையில் மிக்சியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"விளையாண்டா அம்மா திட்டும். எழுதினாத்தான் சொப்பு தருமாம்" என்று குழந்தை காதோடு சொன்னது.

எழுத்து எங்கிருந்து வந்தது என்று திகைத்த மரகதம் அன்றுதான் போனைத் திறந்தார். பாக்கியத்தை அழைத்தார். அவள் மறைக்கவில்லை.

"காப்பகத்தை மூடாம இருக்கணும்னுதான் செஞ்சேன், அண்ணி. இதுல யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?"

மரகதம் எஞ்சிய தாள்களைக் கிழித்தெறிந்தார். இனி இப்படி நடக்கக் கூடாதென்றார். குழந்தை சொன்னதைப் பாக்கியத்திடம் சொல்லவில்லை. சுபாஷிணியிடமும் வாய் திறக்கவில்லை. தம் வீட்டில் நடந்த பொய்யைத் தாமே போய்ச் சொல்லித் தலைகுனிய அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. பதினொரு நாள்கள் கழிந்தன.

பன்னிரண்டாம் நாள், பள்ளியொன்றில் சேர்க்கைக்கான நேர்காணல். தலைமையாசிரியை தாளை நீட்டினார். நிவிதா தோசை வரைந்தாள். கூனிக் குறுகிய சுபாஷிணி தன் போனை எடுத்துக் காட்டி, "காப்பகத்துல தினமும் எழுதினா, மேடம். வேணும்னே அடம் பிடிக்கறா" என்றாள்.

தலைமையாசிரியை படங்களைப் பார்த்துவிட்டு, இவற்றை எழுதியது யாரென்று குழந்தையையே கேட்டார்.

"பாக்கியம் அத்தை. இந்தக் கையால" என்று நிவிதா இடக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லல, பாப்பா?"

"அது அத்தையோட விளையாட்டு. ஒருத்தர் விளையாடறப்ப நடுவுல போகக் கூடாது."

சுபாஷிணி அங்கிருந்து நேரே மரகதத்தின் வீட்டுக்கு வந்தாள். பொய்யை நம்பவைத்து, பெற்ற மகளையே தண்டிக்கச் செய்தீர்களே என்று கொதித்தாள். தாள் கேட்டவர்களுக்குத் தாள் கொடுத்தேன், குழந்தை தண்டனை பெறுவதைக் கனவிலும் அறியேன் என்று பாக்கியம் அழுதாள். நான் ஒரு பொய்யும் எழுதவில்லை, எழுதச் சொல்லவுமில்லை என்று மரகதம் நிமிர்ந்தே நின்றார்.

இம்மூவருள் அக்குழந்தைக்குப் பெருந்தீங்கு இழைத்தவர் யார்?

விடை: மரகதம். சுபாஷிணி அவசரக்காரி, ஆயினும் தாள்கள் பொய்யென அறியாள். பாக்கியம் பொய்க்காரி; ஆயினும் தண்டனையை அறியாள். இரண்டையும் அறிந்தவர் மரகதம் ஒருவரே. ஒரு வாக்கியத்தால் நிறுத்தியிருக்கக்கூடிய தண்டனையைத் தம் கௌரவத்துக்காகப் பதினொரு மாலைகள் நீளவிட்டார். அவருடைய கல்விமுறை சரியானது என்பது இந்தக் குற்றத்தைக் குறைக்காது, கூட்டவே செய்யும்.