புளியங்கொட்டைத் துளையில் ஒரு கூத்து மண்டபம்

தாழங்கோட்டை மன்னர் விருதராயருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. எல்லாம் பக்கத்து நாட்டு மன்னர் செய்த வேலை. விருந்துக்கு அழைத்தவர் வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்பியிருக்கலாம் அல்லவா? அரண்மனைக்குள்ளேயே கட்டிய கூத்து மண்டபத்தை வேறு காட்டித் தொலைத்தார். பட்டுத் திரை, நூறு விளக்கு, இருபது நடிகர்கள்! மெத்தையில் சாய்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டே பார்க்கலாம். நம் மன்னர் வயிறெரிந்து ஊர் திரும்பினார்.

"எனக்கும் வீட்டோடு ஒரு கூத்து மண்டபம் வேண்டும்!" என்றார் சபையில். "ஆனால் பத்து வராகனுக்கு மேல் தர முடியாது."

சுங்க அதிகாரி பூவராகர் எழுந்தார். கோட்டைக்குள் வரும் தானிய மூட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி சுங்கம். அதை வாசலில் நின்று வாங்குவது அவர் வேலை.

"இதென்ன பெரிய விஷயம் பிரபு! ஒரு பிடியை மூன்று பிடி ஆக்கிவிடுவோம். ஆறே மாதத்தில் மண்டபம் தயார்."

மன்னர் தலையை ஆட்டப் போனார். விகடகவி மருதவாணனுக்குப் பகீரென்றது. வாசலில் நடப்பது அவனுக்குத் தெரியும். பூவராகர் ஒரு பிடி அரசாங்கத்துக்கு எடுப்பார். அடுத்து இரண்டு கையாலும் அள்ளித் தன் சொந்தச் சாக்கில் போட்டுக்கொள்வார். இப்போதே வியாபாரிகள் அழுகிறார்கள். மூன்று பிடி என்றால் இந்தப் பக்கமே வரமாட்டார்கள். ஆனால் சொன்னால் மன்னர் நம்புவாரா? பூவராகர் அவருக்குச் செல்லப்பிள்ளை ஆயிற்றே!

"அரசே, பத்து வராகன் எதற்கு? ஒரே வராகனில் முடித்துத் தருகிறேன்" என்றான்.

சபை குலுங்கிச் சிரித்தது.

"ஒரு வராகனுக்கு எத்தனை நடிகர்களாம்?" என்று கேட்டார் பூவராகர்.

"நூறு பேருக்குக் குறையாது. மாடு, குதிரை எல்லாம் உண்டு. தினமும் புதுக் கூத்து. சம்பளம் கிடையாது. விளக்கெண்ணெய்ச் செலவும் கிடையாது. நான் ஜெயித்தால் சுங்கம் ஏறக் கூடாது."

"தோற்றால்?"

"ஊரைவிட்டே போய்விடுகிறேன்."

சொன்ன பிறகுதான் மருதவாணனுக்கே அது உறைத்தது. வாய் இருக்கிறதே, அது எப்போதும் அவனுக்கு முன்னால் ஓடும்.

கோட்டை வாசலுக்கு எதிரே பழைய சாமான் அறை ஒன்று இருந்தது. உள்ளே ஒரு பழைய கட்டிலும் உண்டு. மத்தியானத் தூக்கத்துக்கு அவன் ஒளிந்துகொள்ளும் இடம். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தபோது, கதவில் எலி கடித்த ஓட்டை வழியாக வெயில் வந்தது. எதிர்ச் சுவரில் ஒரு காளை தலைகீழாக நடந்து போனது! பேய் என்று அலறி எழுந்தான். வெளியே வந்து பார்த்தால், தெருவில் அதே காளை தேமே என்று போய்க்கொண்டிருந்தது.

இப்போது அந்த அறையின் ஜன்னல்களை மண் வைத்து அடைத்தான். எதிர்ச் சுவருக்கு வெள்ளை அடித்தான். கதவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துளை போட்டான். பழைய ஓட்டையை மெழுகால் மூடினான். செலவு முக்கால் வராகன். மிச்சத்துக்கு மன்னருக்கு முறுக்கு வாங்கினான்.

உச்சி வெயிலில் மன்னர் வந்தார். கதவு சாத்தப்பட்டது.

"என்னடா இது, சவக்குழி மாதிரி இருட்டு!"

"கொஞ்சம் பொறுங்கள் அரசே."

இருட்டு கண்ணுக்குப் பழகியது. வெள்ளைச் சுவரில் கோட்டை வாசல் தெரிந்தது. வண்டிகள், குதிரைகள், கூடைக்காரிகள் எல்லாம் அசைந்தன! மன்னர் குழந்தை மாதிரி கைதட்டினார்.

"எல்லாம் தலைகீழாக இருக்கிறதே?"

"கட்டிலில் மல்லாந்து, தலையை விளிம்பில் தொங்கவிடுங்கள். நேராகிவிடும்."

நாடாளும் மன்னர் அப்படியே செய்தார். கிரீடம் உருண்டு போனது. அவர் அதை எடுக்கக்கூட இல்லை.

"அடடா! அதோ சிவப்புத் தலைப்பாகை... நம் பூவராகர்தானே? ஒரு பிடி எடுக்கிறார்... சரி. அதென்ன, இரண்டு கையாலும் அள்ளுகிறார்? அந்தச் சாக்கு யாருடையது? அந்தப் பெண் ஏன் கும்பிடுகிறாள்?"

மருதவாணன் முறுக்குத் தட்டை நீட்டினான். மன்னர் தொடவில்லை.

காவலர்கள் பூவராகரை இழுத்து வந்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், முகம் வெளுத்தது. ஆனாலும் பழம் தின்று கொட்டை போட்டவர் அல்லவா?

"பிரபு! இந்தச் சுவரில் எல்லாமே தலைகீழ். நான் ஏழைகளுக்கு என் சாக்கிலிருந்து அள்ளிக் கொடுத்தேன். அது உங்களுக்கு எடுப்பதுபோலத் தெரிந்திருக்கிறது. தினமும் கொடுக்கிறேன் பிரபு, தினமும்!"

மன்னர் தாடையைச் சொறிந்தார். "அப்படியும் இருக்குமோ?"

மருதவாணன் மெல்லச் சிரித்தான்.

"பெரியவர் சொல்வதைச் சோதித்துவிடுவோம் அரசே. தினமும் கொடுக்கிறவருக்கு நாளை ஒருநாள் கொடுப்பது சிரமமா? அவர் வீட்டுத் தானியத்தை வாசலுக்குக் கொண்டுவரட்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் அள்ளிக் கொடுக்கட்டும். நீங்கள் இங்கே பாருங்கள். சுவரில் எடுப்பதுபோலத் தெரிந்தால் அவர் குற்றமற்றவர்."

"நல்ல யோசனை, அப்படியே ஆகட்டும்!" என்றார் மன்னர்.

மறுநாள் உச்சி வெயிலில் பூவராகர் அள்ளி அள்ளிக் கொடுத்தார். சேதி பரவி ஊரே கூடிவிட்டது. இருபத்தேழு மூட்டை காலி. மன்னர் தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தும் பார்த்தார்.

"மருதவாணா! எப்படிப் பார்த்தாலும் கொடுப்பது கொடுப்பதாகத்தானே தெரிகிறது! அப்படியானால் நேற்று எடுத்தது எடுத்ததுதான். நீ ஜெயித்துவிட்டாய். சுங்கம் ஏறாது. மீதி ஒன்பது வராகனும் உனக்கே. பூவராகரை இப்போதே சிறையில் போடுகிறேன்!"

"அவசரம் வேண்டாம் அரசே" என்றான் மருதவாணன். "நடுவில் ஒரு மேகம் குறுக்கே வந்துவிட்டது. எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர் களஞ்சியம் காலியாகும்வரை தினமும் ஒருமுறை கொடுக்கச் சொல்லிப் பார்த்துவிடுவோமே!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கட்டில் கால் ஒடிந்தது.