அடைத்த ஜன்னல்

கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே கணினியில் படமாக்கிக் காட்டும் நிலையம் ஒன்று கோயம்புத்தூரில் இருந்தது. அதை நடத்தியவர் நப்பின்னை. அவரிடம் தொழில் கற்றவர் அங்கமுத்து; கையால் வீட்டு வரைபடம் போட்டே தலை நரைத்தவர். ஆசிரியை வயதில் அவருக்கு மகளைப் போன்றவர். ஆயினும் "டீச்சர்" என்றே அழைப்பார்.

அன்று அங்கமுத்து தனியாகச் செய்த முதல் படம் முடிந்திருந்தது. வேலாயுதசாமி என்பவர் கட்டவிருக்கும் வீட்டின் கூடம் அது. அவருக்குப் பிடித்துவிட்டால் எல்லா அறைகளின் படங்களும் அங்கமுத்துவுக்கே. பிடிக்காவிட்டால் மறுபடி வரைபட மேசைதான்.

"டீச்சர், எல்லாம் பளிச்சுன்னு இருக்குதுங்க. ஆனா பகல் மாதிரி இல்லீங்க. வெளிச்சம் மெய்யாத் தெரிய என்ன பண்ணோணும்?"

நப்பின்னை திரையைப் பார்த்தார்.

"ஜன்னலை அடைச்சுப் பாருங்கண்ணா."

"கூடத்துக்கு இருக்கறதே அந்த ஒரு ஜன்னல்தானுங்களே!"

"அடைங்க."

ஜன்னல் இருந்த இடத்தில் அங்கமுத்து சுவரை எழுப்பினார். கணினி படத்தை மீண்டும் வரைந்தது. கூடம் சற்றும் இருளவில்லை.

அங்கமுத்துவின் முகம் சுருங்கியது. மூலைகள் இருண்டுவிடுமே என்று அஞ்சி, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத விளக்குகளைப் படத்துக்குள் தூணுக்குப் பின்னும் கூரை ஓரத்திலும் அவர்தாம் வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து வேலாயுதசாமியும் அவர் மனைவி துளசிமணியும் உள்ளே வந்தார்கள்.

"அட, ஜன்னலே இல்லாம இத்தனை வெளிச்சமா! துளசி, அலமாரிக்கு இடமில்லைன்னு புலம்பினியே, அந்தச் சுவத்துலயே வெச்சுக்கலாம். மேஸ்திரிகிட்ட இப்பவே சொல்லிடறேன்."

"தையல் மிசின் அந்த மூலைலதானுங்களே வருது?" என்றார் துளசிமணி.

"அதுக்கென்ன? படத்தைப் பாரு. ஊசியில நூலே கோக்கலாம்."

வேலாயுதசாமி கைப்பேசியை எடுத்தார். அங்கமுத்து ஆசிரியையைப் பார்த்தார். நப்பின்னை தேநீர் சொல்ல எழுந்து போய்விட்டார்.

"சித்த இருங்க, சொல்லிப்போடாதீங்க" என்றார் அங்கமுத்து. "அது பொய் வெளிச்சமுங்க. நான் வெச்சது."

"அப்ப மெய்யானதைக் காட்டுங்க, பார்க்கலாம்" என்றார் வேலாயுதசாமி.

அங்கமுத்து விளக்குகளை ஒவ்வொன்றாக நீக்கினார். எழுப்பிய சுவரை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். வேலை விரைவில் முடியவேண்டும் என்று, தரையிலும் சுவரிலும் பட்ட ஒளி திரும்பிச் சிதறுவதைக் கணினி போடும் கணக்கை முன்பு நிறுத்தி வைத்திருந்தார்; அதையும் முடுக்கிவிட்டார். இனிப் படம் மெல்லத்தான் வரும்.

திரையில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் விழுந்தன. தேநீர் வந்து, ஆறி, தீர்ந்தது. புள்ளிகள் அடங்கின. சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் கிடந்தது. தரையின் சிவப்பு வெள்ளைச் சுவரின் அடியில் ஏறியிருந்தது. கூரையும் மெலிதாகச் சிவந்திருந்தது. தையல் இயந்திரம் வரவேண்டிய மூலை மட்டும் மங்கிக் கிடந்தது.

வேலாயுதசாமி முகம் சுளித்தார். "என்னங்க இது, இருட்டடிச்சுக் கிடக்குது! முன்ன இருந்ததே தேவலாமுங்க."

அங்கமுத்துவுக்கு வரைபட மேசை கண்முன் வந்து நின்றது.

துளசிமணி திரையை நெருங்கி அந்த மூலையையே கூர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, இங்க உக்காந்து நான் எப்படித் தைக்கறது? ஜன்னலை இந்தப் பக்கம் இன்னும் ரெண்டடி இழுத்து வெக்கச் சொல்லுங்க. அலமாரி கிடக்கட்டும்."

வேலாயுதசாமி மனைவியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியை அழைத்து, ஜன்னலை அகலமாக வைக்கச் சொன்னார். புறப்படும்போது, "சமையக்கட்டையும் இப்படியே போட்டுக் காட்டிப்போடுங்க. அப்புறம் அங்கயும் எதையாவது சொல்லுவா" என்று அங்கமுத்துவிடம் முனகிவிட்டுப் போனார்.

அங்கமுத்து திரையில் அந்த மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"டீச்சர், மூலை இன்னும் மங்கலாத்தானுங்க இருக்குது. படம் மெய்யா வந்திருக்குதுங்களா?"

நப்பின்னை காலித் தம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா படத்தைத் திருத்தச் சொல்லலீங்களேண்ணா. வீட்டைத்தானே திருத்தச் சொன்னாங்க."