கலிங்கு மேல் மணல் மூட்டை

"எனக்குப் பயம் போகணும் சாமியம்மா. ஒரு மந்திரம் குடுங்க."

நாச்சிமுத்து மழையில் நனைந்துகொண்டே வந்து கேட்டார். பாசனச் சங்கத் தலைவர், அறுபது வயசு. சாமியம்மாவுக்கு அதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் அவளைத்தான் குருவாக வைத்திருந்தார். ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

எதற்குப் பயம் என்று கேட்டாள்.

வயசாகுது என்றார். தூக்கம் வரலை என்றார். எல்லாம் மழுப்பல்.

அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

கடைசியில் அணை என்றார்.

ஓடைக்குக் குறுக்கே கட்டின சின்ன மண் அணை. நிரம்பினால் மிச்சத் தண்ணி வழிந்து போக ஓரத்தில் கலிங்கு உண்டு. மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, மார்கழியில், கலிங்கு மேல் மணல் மூட்டை அடுக்கி அடைப்பார்கள். ரெண்டு முழத் தண்ணி கூடுதலாக நிற்கும். மஞ்சளுக்கு ஆகும்.

போன வருஷம் அடுக்க லேட்டாகி மஞ்சள் காய்ந்து போச்சு. ஊரே அவரைத்தான் திட்டியது. அந்த ரோஷத்தில் இந்த வருஷம் ஐப்பசியிலேயே அடுக்க வைத்துவிட்டார்.

மழை இன்னும் ஓயவில்லை. வழிய வேண்டிய தண்ணிக்கு வழியும் இல்லை.

எடுத்துவிட வேண்டியதுதானே என்றாள்.

எப்படி எடுப்பது? ஒண்ணும் ஆகாது, நானாச்சு என்று கூட்டத்தில் மார் தட்டினதே அவர்தான். இப்போது எடுத்தால் பயந்தாங்கொள்ளி என்பார்களாம்.

"கரைக்கு அடியில எப்பவும் கொஞ்சம் கசியுமுங்க. கண்ணாடியாட்டம் இருக்கும். இன்னைக்குக் காலையில பாத்தா செங்கலங்கலா வருது."

அதாவது கரை மண் உள்ளுக்குள்ளேயே கரைந்து வருகிறது. அது அவருக்கும் தெரியும்.

"பாத்துட்டு என்ன பண்ணுனீங்க?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"தென்ன மட்டையை இழுத்துப் போட்டு மூடிட்டேன்."

கல் பொறுக்கின கை நின்றது.

கரைக்கு நேர் கீழே யார் வீடு என்று கேட்டாள். அவர் மகள் மரகதம் வீடுதான். பிள்ளை பெற்று இன்னும் மாசம் ஆகவில்லை.

அவளிடம் சொன்னாரா?

சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி பயந்துவிடுவாள் என்றார். இப்போதுதான் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாராம். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். இந்த மழையில் எதுக்கு அலையறீங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க என்று சிரித்தாளாம்.

"அவளுக்குத் துளிகூடப் பயமில்லீங்க."

சாமியம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க கேக்கற மந்திரம் அப்ப அவகிட்டயே இருக்குதுங்ணா. போய் வாங்கிக்குங்க."

அவர் விழித்தார். அவளுக்கு ஏன் பயமில்லை என்று அப்புறம்தான் உறைத்தது. முகம் வெளுத்துப் போச்சு.

சாமியம்மா கூரையில் சொருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு, மூட்டைகளைக் கிழிக்கக் கலிங்குப் பக்கம் போனாள். அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கீழே ஓடினார். சேற்றில் ரெண்டு தடவை விழுந்தார். தெருவில் நின்றவர்கள் தலைவருக்கு என்ன ஆச்சு என்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மகள் வீட்டு வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் நடுங்கியது. மறைக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குது கண்ணு. பிள்ளையைத் தூக்கு."