ராஜாவின் தோள் இறங்கிய கதை

செங்கழனி நாட்டு ராஜா திடவிக்கிரமருக்குத் தம் தோள்மேல் அப்படி ஒரு பெருமை. கிளப்பிவிட்டவர் அரண்மனைப் புலவர் சிங்காரக் கவிராயர். பட்டம் கட்டிய அன்றே, பூமியே ராஜாவின் தோளில்தான் நிற்கிறது என்று பாடிவிட்டார். ராஜா உச்சி குளிர்ந்துபோய் அங்கேயே ஒரு சட்டம் போட்டார். அரச தோளை யாரும் தொடக் கூடாது, அசைக்கக் கூடாது. மீறினால் கை போகும்!

அன்றிலிருந்து கூத்துதான். மாலை போட வருகிறவர்கள் எட்ட நின்று மூங்கில் கொம்பில் மாட்டிப் போடுவார்கள். தையல்காரர் கண்ணாலேயே அளவெடுப்பார். அதனால் ராஜாவின் அங்கியில் ஒரு கை எப்போதும் தொளதொளவென்று தொங்கும். மந்திரி நல்லபெருமாளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். வெற்றிலையை வாயில் திணித்து அடக்கிக்கொள்வார்.

விஜயதசமி வந்தது. அன்று சாயங்காலம் ராஜா ஊர் எல்லைக்குப் போய் அம்பு போடுவது அந்த நாட்டு வழக்கம். காலையில் கவிராயர் புதுப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். ராஜா ஒற்றைக் கையால் யானையை நிறுத்துவாராம்! கேட்ட மனுஷர் சும்மா இருப்பாரா? நேரே யானைக் கொட்டடிக்குப் போய் ஒரு குட்டியின் கயிற்றைப் பிடித்தார். குட்டி கரும்பைப் பார்த்து ஓர் எட்டு வைத்தது. அவ்வளவுதான், வலது தோள் 'கொடக்' என்றது. கை துவண்டு தொங்கியது. ராஜா போட்ட கூச்சலில் குட்டி கரும்பை விட்டுவிட்டு ஓடிப்போனது.

எலும்பு வைத்தியர் சிவக்கொழுந்து அலறியடித்துக்கொண்டு வந்தார். அவர் நல்லபெருமாளின் அக்காள் புருஷன். எட்ட நின்றே பார்த்தார்.

"மூட்டு நழுவியிருக்கிறது, மகாராஜா. கையைப் பிடித்து மெல்ல இழுத்தால் உட்கார்ந்துவிடும்."

"இழுப்பதா?" என்று துள்ளினார் கவிராயர். "தோள் அசைந்தால் பூமி அசையும்! தொட்டால் கை போகும், வைத்தியரே!"

ராஜாவுக்கு வலி ஒரு பக்கம், பூமியைப் பற்றிய கவலை ஒரு பக்கம். "தொடாமல் சரிசெய்யும்! சாயங்காலத்துக்குள் நான் வில்லைத் தூக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பெண்டு பிள்ளைகளோடு நாட்டை விட்டே போய்விடும்!" என்று கத்தினார்.

சிவக்கொழுந்து வெளியே வந்து மைத்துனரைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, தொட்டால் கை இல்லை. தொடாவிட்டால் ஊர் இல்லை. கையில்லாத வைத்தியனுக்கு எவன் சோறு போடுவான்?"

"அக்காள் ஊட்டிவிடுவாள், அத்தான். என்ன, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு வசவு விழும்."

வாய் கேலி பேசினாலும் நல்லபெருமாளுக்கு நினைப்பெல்லாம் அக்காள்மேல்தான். அக்காளுக்கு என்ன பதில் சொல்வது? "முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்தத் தோளுக்குள் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டார்.

வைத்தியர் மைத்துனரின் தோளையே பிடித்துக் காட்டினார். "முன்னால் குச்சி மாதிரி ஓடுகிறதே, இது காறை எலும்பு. பின்னால் முதுகில் முக்கோணப் பலகையாகப் படுத்திருப்பது தோள்பட்டை எலும்பு. அதன் ஓரத்தில் ஒரு குழி. மேல்கை எலும்பின் உருண்டைத் தலை அதில்தான் உட்காரும்."

"ஐயோ, கூசுகிறது அத்தான்! குழி ஆழமா?"

"ஆழமே இல்லை. அதனால்தான் கையை எப்படி வேண்டுமானாலும் சுழற்ற முடிகிறது, சட்டென்று நழுவியும் போகிறது. இப்போது சதை இறுகி எலும்பை விடமாட்டேன் என்கிறது. குப்புறப் படுத்துக் கனமாக எதையாவது கையில் தொங்கவிட்டால் சதை தளரும். எலும்பு தானே குழிக்குள் போய்விடும்."

"கனமானதா? நம் அரண்மனையில் அதற்கா பஞ்சம்!"

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய மூட்டையோடு நல்லபெருமாள் வைத்தியரை அழைத்துக்கொண்டு சபைக்கு வந்தார். "மகாராஜா, வைத்தியர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். யாரும் உங்களைத் தொட வேண்டாம். மூட்டையில் கட்டிய இந்தக் கயிற்றை நீங்களே வலது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு உயரமான கட்டிலில் குப்புறப் படுங்கள். இடது கையால் மூட்டையை மெல்லக் கீழே விடுங்கள்."

"மூட்டையில் என்ன?"

"கவிராயர் உங்கள் தோளைப் பற்றி எழுதிய ஓலைகள். இதைவிடக் கனமாக வேறெதுவும் அகப்படவில்லை."

கவிராயர் மீசையைத் தடவிக்கொண்டார். "என் பாட்டே மகாராஜாவைக் குணப்படுத்தும், பாருங்கள்!" என்று சபையைச் சுற்றிப் பார்த்தார்.

ராஜா படுத்தார். முனகினார், திட்டினார், பிறகு அசதியில் கண் சொக்கினார். திடீரென்று 'டொக்'! எழுந்து கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடிந்தது! "வைத்தியரே, நீரல்லவா வைத்தியர்!" என்று கூவினார்.

"சாயங்காலத்துக்குச் சின்ன வில்லாக எடுங்கள், மகாராஜா" என்றார் சிவக்கொழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பாராட்டு வைத்தியருக்குப் போனதைக் கவிராயரால் பொறுக்க முடியவில்லை. "ஆனால் அரச தோள் அசைந்துவிட்டதே! வழி சொன்னவர் வைத்தியர். சட்டப்படி அவர் கையை வெட்ட வேண்டாமா?"

ராஜா திருதிருவென்று விழித்தார். வைத்தியர் இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டார்.

நல்லபெருமாள் எழுந்தார். "வெட்டத்தான் வேண்டும். தோளை அசைத்தவர் கையை! வைத்தியர் எட்ட நின்றார். இழுத்தது மூட்டை. அதற்குள் இருந்தது கவிராயரின் பாட்டு. அவரே பெருமையாகச் சொன்னாரே!"

கவிராயருக்கு முகம் வெளுத்தது.

"பயப்படாதீர்கள், கவிராயரே, தப்பிக்க வழி இருக்கிறது. பூமி ராஜாவின் தோளில் நிற்கிறது என்று நீங்கள் பாடியதால்தான் இந்தச் சட்டமே வந்தது. அந்தப் பாட்டு மெய் என்றால் சட்டமும் நிற்கும், நீங்கள் கையை நீட்ட வேண்டியதுதான். பொய் என்றால் சட்டமே கிடையாது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். நீங்களே சொல்லுங்கள். மெய்யா, பொய்யா?"

கவிராயர் ராஜாவைப் பார்த்தார். தம் கையைப் பார்த்தார். தடாலென்று காலில் விழுந்தார்.

"பொய், மகாராஜா! சத்தியமாகப் பொய்! உங்களைப் பற்றி நான் பாடியது அத்தனையும் பொய்!"

ராஜா ஒரு கணம் திகைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வைத்தியருக்குப் பட்டும் பொன்னும் கொடுத்தார். "சட்டம் தொலைந்தது! மந்திரி, வாரும். இத்தனை வருஷமாக என்னை ஒருத்தரும் தட்டிக் கொடுத்ததில்லை. நீர் தட்டும்!"

நல்லபெருமாள் ஆசையோடு கையை ஓங்கினார்.

"மாப்பிள்ளை!" என்று அலறினார் சிவக்கொழுந்து. "இடது தோளில் தட்டு!"